கயிற்றை விட்டவர்கள்

பர்கூர்ப் பக்கத்துக் கருங்கல் குவாரியிலிருந்து எட்டுப் பெண்கள் கயிறு இழுக்கும் போட்டிக்காக ஓசூருக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில், மாரம்மாவுக்கு ஒரு வாய்க் கூழ்கூட உள்ளே இறங்கவில்லை. கிண்ணத்தை அப்படியே கந்தனிடம் நீட்டினாள். அவனும் குடிக்கவில்லை. குடிசை வாசலில் குந்தி இருமிக்கொண்டிருந்தான்.

கந்தன் அவள் புருஷன். பாறையில் வெடிக்குழி போடும் டிரில்லர். பன்னிரண்டு வருடமாக அதே வேலை. மிஷினை நெஞ்சோடு அணைத்து அழுத்தினால் பாறைக்குள்ளிருந்து மாவு மாதிரி தூசி பீறிட்டு வரும். அந்தத் தூசி இப்போது அவன் நெஞ்சுக்குள்ளேயே குடியேறிவிட்டது. மூன்று மாதம் முன்பு கிருஷ்ணகிரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாரம்மாவிடம் மட்டும் பேசினார். இன்னும் ஒரு வருடம் இந்தத் தூசியில் நின்றால் ஆள் மிஞ்சமாட்டான், இன்றைக்கே அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடு என்றார்.

எங்கே கூட்டிக்கொண்டு போவது? குவாரிக் குடிசையில் இருக்க வேண்டுமென்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டும். ஒருவர் நின்றாலும் குடிசை போய்விடும். கல் சுமப்பதைத் தவிர மாரம்மாவுக்கு வேறு வேலை தெரியாது. "ஒரு வேலை கையில கெடைக்கட்டும் மாரி, அப்பறம் கெளம்பலாம்" என்றான் கந்தன், அவள் விஷயத்தைச் சொன்னபோது. அவளும் அதையே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் போனது. அவன் ராத்திரி படுக்கும்போது முதலில் ஒரு தலையணை வைத்தான். பிறகு இரண்டு. இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

அந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ் வந்தது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனியின் முதலாளிக்கு விளையாட்டென்றால் பைத்தியம். சுற்றுவட்டாரப் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைக்கிறார். ஜெயிக்கும் அணியில் எட்டுப் பேருக்கும் பேக்கிங் பிரிவில் நிரந்தர வேலை. தங்குவதற்கு லைன் வீட்டில் ஆளுக்கொரு அறை.

நோட்டீஸைப் படித்துச் சொன்னவள் சாராள். குவாரியில் லாரிகளுக்கு டோக்கன் எழுதுகிறவள், மாரம்மாவின் வயதுதான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது தர்மபுரி மாவட்டத்துக்காக ஓடியவள். மேற்கொண்டு ஓட வீட்டில் வழியில்லாமல் டோக்கன் எழுத வந்தாள். கால் நின்றுவிட்டதே தவிர மனம் ஓடிக்கொண்டேயிருந்தது. பேப்பரில் சாம்பியன்களைப் பற்றி எது வந்தாலும் கத்தரித்து நோட்டில் ஒட்டுவாள். சாப்பாட்டு நேரத்தில் கல்மேல் உட்கார்ந்து படித்துக் காட்டுவாள்.

"கேளுங்கக்கா. ஒரு குத்துச்சண்டைக்காரர் சொல்றார். உடம்பு தோற்பதில்லை, மனசுதான் முதலில் தோற்கிறதாம்."

"அடி வாங்குனது ஒடம்புதானே, கிளார்க்கம்மா? மனசுக்கா மூக்கு ஒடஞ்சிது?" என்று கேட்பாள் சென்னம்மா. கயிற்றில் முதல் ஆள் அவள். வாயிலும் அவள்தான் முதல் ஆள்.

எல்லோரும் சிரிப்பார்கள். மாரம்மா சிரிக்கமாட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். கடைசி நொடி வரை பிடியை விடாதவனே சாம்பியன். யாரோ மலை ஏறுகிறவன் சொன்னது. கல்கூடையோடு சரிவில் ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் அதை முணுமுணுப்பாள். ராத்திரி கந்தன் இருமும்போதும் அதையே முணுமுணுப்பாள்.

வேலை முடிந்ததும் பயிற்சி. உடைந்த பெரிய கல்லில் கயிற்றைக் கட்டி இழுப்பார்கள். கல்லோடு பழகிய கைகளுக்குக் கயிறு பெரிய விஷயமாக இல்லை. சாராள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் சாய்வதையும், குதிகாலை மண்ணில் குத்தி நிற்பதையும்தான். கடைசியில் நிற்கிறவள் கயிற்றை அக்குளுக்குக் கீழே கொடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டு, தூண் மாதிரி நிற்க வேண்டும். மாரம்மா அந்தத் தூண்.

ஒரு விஷயம் மட்டும் பயிற்சியில் வரவில்லை. சாராள் தான் ஓடிய காலத்து விசில் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். ஊத வாயில் வைத்ததுதான் தாமதம், மேஸ்திரி பாய்ந்து வந்து பிடுங்கிப் புதரில் எறிந்தார்.

"அறிவு இருக்குதாம்மா ஒனக்கு? வெளையாட்டுக்கு விசில் ஊதிகினு இருந்தா, நாளைக்கி நெசமா ஊதறப்ப எவ ஓடுவா?"

அவர் சொன்னது நியாயம். அந்தக் குவாரியில் விசில் ஊத ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை உண்டு. வெடி வைக்கிறவர். விசில் கேட்டால் கையில் இருப்பதை இருந்த இடத்தில் போட்டுவிட்டு ஓட வேண்டும். கூடையோ கடப்பாரையோ கயிறோ, எதுவாக இருந்தாலும். இரண்டு வருடம் முன்பு இருளாயி என்கிற பெண் ஓடிப் பாதி வழியில் விட்டுவந்த சோத்துப் போசியை எடுக்கத் திரும்பினாள். முஷ்டி அளவுக் கல் ஒன்று அவளைத் தேடி வந்து விழுந்தது. அதன்பிறகு யாரும் திரும்பியதில்லை. விசிலுக்கும் காலுக்கும் நடுவில் யோசனை என்ற ஒன்றே அவர்களிடம் இல்லாமல் போனது. ஆகவே சாராள் "ரெடி... இழு!" என்று வாயால் கத்தியே பழக்கினாள்.

*

மைதானம் கம்பெனிக்குப் பின்னால் இருந்தது. பத்து அணிகள் வந்திருந்தன. முதல் சுற்றுகளை உள்ளூர்ப் பள்ளி டிரில் மாஸ்டர் நடத்தினார். மைக்கில் "இழுங்கம்மா!" என்று ஒரு சத்தம் கொடுத்தார், அவ்வளவுதான். குவாரிப் பெண்கள் முதல் அணியை இழுத்த வேகத்தில் எதிர்ப்பக்கம் இரண்டு பேர் குப்புற விழுந்தார்கள். அடுத்த அணியும் அப்படியே. மத்தியானத்துக்குள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

"பேக்கிங்னா இன்னாடி பண்ணணும்?" என்று சென்னம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"டப்பாவுல போட்டு மூடணும்" என்றாள் சாராள்.

"அவ்ளோதானா? அதுக்கா சம்பளம்? நெழல்ல ஒக்காந்தா?"

மாரம்மா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். நிழலில் உட்காரலாம். லைன் வீட்டு அறையில் கந்தன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பான். அவன் மூச்சுக்குள் போகும் காற்றில் தூசி இருக்காது. இன்னும் இரண்டு இழுப்புதான். மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும்.

எதிரே நின்றவர்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைப் பெண்கள். அவர்களும் வெறுங்கால். அவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். இறுதிப் போட்டியை நடத்த பெங்களூரிலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கியதைச் சாராள் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

எட்டுப் பேரும் கயிற்றை எடுத்தார்கள். மாரம்மா தோளில் சுற்றிக்கொண்டு குதிகாலை ஊன்றினாள். கயிறு விறைத்தது. நடுவர் கையைத் தூக்கினார். விசில் வீறிட்டது.

அதன்பிறகு நடந்தது மாரம்மாவுக்கு ஞாபகமில்லை. ஞாபகம் வந்தபோது அவள் தண்ணீர் லாரிக்குப் பின்னால், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். பக்கத்தில் இன்னும் மூன்று பேர். மேடை மேஜைக்கடியில் சென்னம்மாவின் கால்கள் தெரிந்தன. வெடிச் சத்தத்துக்காக எல்லோருடைய காதும் காத்திருந்தது.

வந்தது சிரிப்புச் சத்தம். மைதானம் முழுவதும் எழுந்து நின்று சிரித்தது. செங்கல் சூளைப் பெண்கள், திடீரென்று எதிர்ப்பக்கம் ஆளே இல்லாமல், மல்லாந்து விழுந்து கிடந்தார்கள். கயிறு அவர்கள் மடியில் கிடந்தது. ஒரு புள்ளி அவர்களுக்கு.

சாராள் நடுவரிடம் ஓடினாள். "சார், இவங்க குவாரிக்காரங்க. விசில் கேட்டா வெடின்னு ஓடிடுவாங்க. வாயால சொல்லுங்க சார். கைக்குட்டை போடுங்க."

"ரூல் ரூலும்மா. பைனல்னா விசில்தான்."

"சார், பயத்துல ஓடல சார் இவங்க..."

"விசில் கேட்டு ஓடறவங்களுக்கு எங்க மெஷின் பக்கத்துல எப்படிம்மா வேலை கொடுக்கிறது?" என்று மேடையிலிருந்து யாரோ கேட்டார்கள். அதற்கும் சிரித்தார்கள்.

பெண்கள் ஒன்றாகக் கூடி நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. சாராள் நோட்டைப் புரட்டினாள். "முடிஞ்ச ஆட்டத்தைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகக்கூடாது. பெரிய டென்னிஸ்காரி ஒருத்தி சொல்லியிருக்காக்கா. போனது போச்சு. அடுத்த இழுப்பு மட்டும்தான் இருக்குது."

"காலுக்குச் சொல்லு கிளார்க்கம்மா. மனசு கேட்டுகினுதான் இருக்குது" என்றாள் சென்னம்மா. இந்த முறை அவள் கேலி செய்யவில்லை.

மாரம்மா முந்தானையைப் பல்லில் கடித்து நீளமாகக் கிழித்தாள். துண்டு துண்டாகக் கிழித்து உருட்டி, முதல் உருண்டையைத் தன் காதில் திணித்தாள். அடுத்ததைச் சென்னம்மாவிடம் கொடுத்தாள். சாராளுக்குப் புரிந்துவிட்டது. "என் கையப் பாருங்க. கை கீழ வந்தா இழுங்க" என்று சைகை காட்டிவிட்டு எதிரே போய் நின்றாள்.

இரண்டாவது இழுப்பு அரை நிமிஷம்கூட இல்லை. உலகம் ஓசையில்லாமல் இருந்தது. சாராளின் கை கீழே வந்தது. எட்டுப் பேரும் ஒரே மூச்சில் சாய்ந்தார்கள். மூன்று மாதக் கிலி முழுவதும் மாரம்மாவின் குதிகாலில் போய் இறங்கியது. கோட்டைத் தாண்டி வந்து விழுந்தவர்களின் வாய் அசைவதைத்தான் பார்த்தாள், சத்தம் கேட்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. மீதி இருப்பது ஒரே இழுப்பு.

செங்கல் சூளை அணியின் தலைவி நெடுநெடுவென்று உயரமானவள். அவள் நடுவரிடம் போய்க் காதைத் தொட்டுக் காட்டினாள். நடுவர் வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். "விசில் கேக்காம எப்படிம்மா ஆடுவீங்க? எடுங்க."

சாராள் கெஞ்சினாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டுப் பேரும் காதிலிருந்த துணியை எடுத்துக் கீழே போட்டார்கள். மைதானத்தின் இரைச்சல் வெள்ளம் மாதிரி உள்ளே நுழைந்தது.

"விசில் வரும். வெடி இல்ல" என்றாள் மாரம்மா. அன்று முழுவதும் அவள் அணியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "வரும்னு தெரிஞ்சிகினே நில்லுங்க. வெடி இல்ல. சொல்லிகினே நில்லுங்க."

வெடி இல்ல, வெடி இல்ல என்று எட்டு வாயும் முணுமுணுத்தன. நடுவர் கையைத் தூக்கினார். விசில் வீறிட்டது. எட்டு உடம்பையும் ஒரு தரம் தூக்கிவாரிப் போட்டது. யாரும் ஓடவில்லை.

இழுத்தார்கள். எதிரே இருந்தவர்களும் இழுத்தார்கள். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி இந்தப் பக்கம் ஒரு ஜாண் வந்தது, அந்தப் பக்கம் ஒரு ஜாண் போனது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மாரம்மாவின் உள்ளங்கைத் தோல் கழன்று கயிற்றோடு ஒட்டியது. கடைசி நொடி வரை, கடைசி நொடி வரை என்று பல்லுக்கிடையில் சொல்லிக்கொண்டாள். துணி இந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. ஒரு முழம். இன்னும் அரை முழம் வந்தால் வேலை. அறை. கதவு. தூசியில்லாத காற்று.

எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி தாங்கமாட்டாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரக் கூடாது என்பது விதி. எச்சரிக்க, நடுவர் விசிலை ஊதினார்.

அந்த விசில் வருமென்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாரம்மாவின் கை திறந்தது. தோளிலிருந்த கயிறு பாம்பு மாதிரி நழுவி ஓடியது. மற்ற ஏழு பேரும் விட்டார்கள்தான். ஆனால் முதலில் விட்டவள் அவள். அதை அவள் பார்த்தாள். தன் கை தன்னைக் கேட்காமல் திறந்ததை, மற்றவர்கள் அதற்குப் பிறகே விட்டதை, நன்றாகப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் ஓடக்கூட இல்லை. இரண்டடி எடுத்து வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

செங்கல் சூளைப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். உயரமானவள் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து மாரம்மாவிடம் வந்து குந்தினாள். "கோபம் வேணாம்க்கா. காதுத் துணிய நான்தான் சொன்னேன். எங்களுக்கும் போறதுக்கு எடம் இல்லக்கா" என்றாள். அவள் கையும் உரிந்து சிவந்திருந்தது. மாரம்மாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

*

லாரியில் திரும்பினார்கள். கிருஷ்ணகிரி தாண்டிய பிறகு சாராள் மாரம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் விசில வெச்சிப் பழக்கியிருக்கணும்க்கா. எங்கியாவது வெளியில கூட்டிப்போய்ப் பழக்கியிருக்கணும். என் தப்பு."

"நீ இன்னா பண்ணுவ?"

"எந்தச் சாம்பியனும் மொதல் வருசமே ஜெயிக்கலக்கா. ஏழு தடவ தோத்தவங்கல்லாம் இருக்காங்க. அடுத்த வருசமும் போட்டி வெக்கறாங்களாம். அடுத்த வருசம் கட்டாயம் நாம..."

சாராள் மேலும் என்னென்னவோ சொன்னாள். மாரம்மாவின் காது அடுத்த வருசம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நோட்டில் ஒட்டியிருந்த அத்தனை பேருக்கும் அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தது. விழுந்தவன் எழுந்து மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு அடுத்த வருடம். கந்தனுக்கு அது கிடையாது. டாக்டர் எண்ணிச் சொன்ன மாதங்களில் மூன்றை, வேலை கிடைக்கட்டும் என்று காத்திருந்தே அவள் தீர்த்துவிட்டாள். பிடியை விடக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே தீர்த்துவிட்டாள். அந்த வரி தப்பில்லை. அது மலை ஏறுகிறவனுக்குச் சரி. அவனைச் சுற்றி நல்ல காற்று இருந்திருக்கும்.

லாரி குவாரி முகப்பில் நின்றபோது மணி நாலு இருக்கும். கந்தன் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது எதுவும் மிஞ்சவில்லை. இருந்தாலும் கேட்டான்.

"எப்டித் தோத்தீங்க?"

"விசில் ஊதுனாங்க. ஓடிட்டோம்."

"எல்லாருமா?"

"எட்டுப் பேரும். சென்னம்மா மேஜைக்கடியில பூந்துட்டா."

கந்தன் சிரித்தான். அடக்க முடியாமல் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அவனை இரண்டாக மடக்கியது. துணியால் வாயைத் துடைத்துவிட்டு அதை மறைத்தான். மறைத்ததை அவள் பார்த்தாள். துணியிலிருந்த நிறத்தையும் பார்த்தாள்.

மாரம்மா உள்ளே போனாள். பாயைச் சுருட்டினாள். இரண்டு புடவை, அவன் வேட்டி, போர்வை, ஒரு தவலை, எக்ஸ்ரே உறை. எல்லாவற்றையும் போர்வைக்குள் வைத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போடும்போது கை காந்தியது.

"இன்னா பண்ற?" என்றான் கந்தன் வாசலிலிருந்து.

"கெளம்பு."

"எங்க?"

"ராயக்கோட்டை. தக்காளி மண்டியில கூடைக்கு ஆள் எடுப்பாங்கன்னு எவளோ சொன்னா."

"எவளோ சொன்னாளா? வேல குடுப்பாங்களா?"

"தெரியாது."

"தங்கறதுக்கு?"

"தெரியாதுய்யா."

"பைத்தியமா புள்ள ஒனக்கு? மேஸ்திரிகிட்டச் சொல்லணும். கையில ஒண்ணுமில்லாம எப்டிப் போறது? ஒரு வேலைன்னு கெடைக்கட்டும், அப்பறம்..."

"அந்த டாக்டரு மூணு மாசத்துக்கு முன்னாடியே விசில ஊதிட்டாருய்யா" என்றாள் மாரம்மா. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் அவனிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போது பக்கத்துக் குடிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நாமதான் போட்டுட்டு ஓடாம நின்னுகினு இருக்கறோம். எந்திரி."

அவன் எழுந்தான். ரோடு வரைக்கும் அரை மைல். பத்து அடிக்கு ஒரு தடவை அவன் நிற்க வேண்டியிருந்தது. அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கயிறு அறுத்திருந்த இடத்திலேயே அந்தக் கை விழுந்தது. வழியில் டோக்கன் அறையிலிருந்து சாராள் வெளியே வந்து நின்றாள். மூட்டையைப் பார்த்தாள், கந்தனைப் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றி மாரம்மாவின் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிருஷ்ணகிரி பஸ் கூட்டமாக வந்து நின்றது. கந்தன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல் திரும்பிப் பார்த்தான்.

"ராயக்கோட்டையில நமக்கு யாரையாவது தெரியுமா மாரி?"

"யாரையும் தெரியாது" என்றாள் மாரம்மா. "ஏறு."